அழிக்க வேண்டாமா?

"தெளிவாக" என்ற ஒரு சொல்லைப் போடுவதற்கு உலகம்மாளுக்கு மத்தியானத்திலிருந்து கை வரவில்லை. ஒரே ஒரு சொல். கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிடலாம். இந்தத் துறையில் கண்ணை மூடிக்கொண்டு தட்டாதவர் யார். ஆனால் வாக்கியம் அந்த இடத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிடுகிறது, கர்சர் மட்டும் துடிக்கிறது, கிளம்பாத பஸ்ஸில் உட்கார்ந்து உறுமவிட்டுக்கொண்டிருக்கும் டிரைவர் மாதிரி, வாறியா இல்லையா, வாறியா இல்லையா. "பழைய பாகங்கள் இருப்பின், நிரல் பயனரிடம் தெளிவாகக் கேட்டு ஒப்புதல் பெற்ற பின்னரே அவற்றை அழிக்கும்." கணினித் துறைத் தலைவர் முனைவர் திருவாழ்மார்பன் காலையில் வந்து, நின்ற வாக்கிலேயே, சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வதுபோல் கையை மட்டும் அசைத்துச் சொல்லிவிட்டுப் போன வாக்கியம் இது. சீப்பு இல்லை, வாரத் தலைமயிரும் இல்லை. கை அசைவு மட்டும் பழைய வழக்கத்தில் தங்கிவிட்டது. விடுதித் தோழி ஜெனோவாவின் ஆய்வுப் பதிவுகள் நிரலால் அழிந்துபோனது பற்றிச் சாயங்காலம் கருத்தரங்கக் கூடத்தில் விசாரணைக் குழு கூடுகிறது. கையேட்டின் இந்தப் பக்கத்தைப் பெரிய திரையில் போட்டு அவரே வாசித்துக் காட்டப் போகிறார். பக்கத்தில் "தெளிவாக" இருந்தால் குற்றம் ஜெனோவாவுடையது: தெளிவாகக் கேட்டும் கவனிக்காமல் பொத்தானை அழுத்தியவள், ஆய்வுப் பொருளைக் காப்பாற்றத் தெரியாதவள், பதிவு ரத்து, ஊருக்குப் போகலாம். இல்லாவிட்டால் குற்றம் நிரலுடையது, நிரல் என்றால் சார், சார் என்றால் துறை, துறை என்றால் அடுத்த மாதம் வரப்போகிற துணைவேந்தர் பாராட்டு விழா. ஜெனோவாவுக்குக் கூடுதல் காலம் கொடுத்தே ஆகவேண்டும். ஒரு சொல்லுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒரு பொன்னாடை. பொன்னாடையைத்தான் இந்தக் கட்டிடத்தில் எல்லாரும் பார்ப்பார்கள், அது பளபளவென்று இருக்கிறது. இத்தனைக்கும் கையேடு என்று ஒன்று போன வாரம்வரை கிடையாது. நிரல் வெளியாகி விழா எடுத்து மூன்று பத்திரிகையில் படமும் வந்தாயிற்று. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று மட்டும் எவரும் எழுதவில்லை. லாரி கவிழ்ந்த பிறகு வளைவில் பலகை நடுகிறார்கள். பலகை நடவாவது ஒருத்தி வேண்டுமே, பிடி உலகம்மாளை, அவளுக்குத் தமிழ் வரும், எம்.டெக். கடைசிப் பருவம், எதிர்த்துப் பேசுவாள் என்று கேள்வி, ஆனால் கையெழுத்துக்கு நம்மிடம்தான் வரவேண்டும்.

நிரலுக்குப் பெயர் வகிடு. ஹார்ட் டிஸ்க்கைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. இங்கிருந்து இதுவரை இன்னாருக்கு, அங்கிருந்து அதுவரை இன்னாருக்கு என்று வட்டில் கோடு கிழிக்கும். வகிடு எடுப்பதுபோல எடுக்குமாம். வழுக்கைத் தலைவர் அந்தப் பெயரை மேடையில் விளக்கியபோது முதல் வரிசையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அந்த ஒழுக்கத்தை நினைத்து உலகம்மாள் விடுதிக்குப் போய்த் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சிரித்தாள். அப்போது சிரித்தது. இப்போது அந்தப் பெயரைப் பார்த்தால் வாய் கசக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும், திறந்து பார்த்திருக்கிறாள்: உலகத்தில் எவரெவரோ எழுதி இலவசமாகக் கொடுத்த பழைய நிரல் ஒன்று அப்படியே படுத்திருக்கிறது, அதன் மேல் இவர்கள் தமிழில் நாலு கேள்வியும் நாலு நன்றியும் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய நாலையும் சரியாக ஒட்டவில்லை. கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கிற சொல்லுக்கு விருப்பு என்பதா தெரிவு என்பதா என்று கலைச்சொல் குழு ஒரு பருவம் முழுக்கச் சண்டை போட்டது. தெரிவு ஜெயித்தது, விருப்புக்காரர் சாப்பாட்டுக்கு இருக்காமல் போய்விட்டார். வகிடு என்று அடித்துப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டுக் காட்டு என்றால் இருக்கிற பாகங்களைக் காட்டும். சேர் என்றால் இரண்டைச் சேர்க்கும். வெட்டு என்றால் காலி இடத்திலிருந்து புதிதாக ஒரு பாகம் வெட்டும். பேசாதே என்று ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் நிரல் எதையும் கேட்காது, எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று தானே வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். மற்ற சொற்களுக்கெல்லாம் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பேசாதே என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு ஆட்சேபமும் சொல்லவில்லையாம். எப்படிச் சொல்வார்கள், பழகின சொல். இந்தத் துறையில் ஒவ்வொரு மாணவியையும் சேர்க்கும்போதே அந்தத் தெரிவைப் போட்டுத்தான் சேர்க்கிறார்கள், அவர்களுக்கு அதை அடிக்க வேண்டியதுகூட இல்லை. அதற்கு நேராக அவள் எழுதியிருந்தாள்: "இத்தெரிவு கொடுக்கப்பட்டால் நிரல் வினவாது." வினவாது. யார் வாயிலிருந்து வந்த சொல் அது. அவள் அப்பா தென்காசி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்து அவள் வாசித்ததெல்லாம் மற்றவர்களின் பாகப்பிரிவினைப் பத்திரம்தான். கிழக்கே வாய்க்கால், மேற்கே சுப்பையாத் தேவர் புஞ்சை, வடக்கே வண்டிப்பாதை, தெற்கே மேற்படி வாய்க்காலின் மடை, இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய நிலம். அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், ஆனாலும் அந்தக் காகிதத்தில் எது யாருடையது என்பதில் ஒரு மயிரிழை சந்தேகம் இருக்காது. அடித்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு எழுதியதால் அத்தனை துல்லியம். சாரோடு அடித்துக்கொள்ள எவரும் இல்லை. அதுதான் குறை.

"டீ வேண்டாமாம்மா?"

ஆய்வக உதவியாளர் முத்துப்பேச்சி தூக்குவாளியோடு மேஜையோரம் நின்றுகொண்டிருந்தாள். உலகம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஆமாக்கா" என்றாள். சரி என்று முத்துப்பேச்சி வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். தம்ளர்கள் மோதுகிற சத்தம் தூரப் போய், இஞ்சி வாசனையும் பின்னாலேயே போய், கதவு சாத்திக்கொண்ட பிறகுதான் உலகம்மாளுக்குத் தனக்கு டீ வேண்டியிருந்தது உறைத்தது. தொண்டை வறண்டு கிடக்கிறது, காலையிலிருந்து அந்த இஞ்சி டீயை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள், ஆமாம் என்று வேறு சொன்னாள், டீ போய்விட்டது. ஏன் போயிற்று. ஆமாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். வேண்டாமா என்று கேட்டதற்கு ஆமாம் என்றால், ஆமாம், வேண்டாம். அக்கா மேல் தப்பில்லை, எந்தத் தமிழச்சியும் அப்படித்தான் வாளியைத் தூக்குவாள். நாற்காலியை அவள் மெதுவாகப் பின்னால் தள்ளினாள். இதேதான். அப்படியே இதேதான் ஜெனோவாவுக்கும் நடந்தது, டீக்குப் பதில் கடல்.

ஜெனோவா மொழியியல் துறை. குளச்சலுக்குப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். கரையில் மீன் ஏலம் போடுகிற பெண்களின் பேச்சைப் பதிவுசெய்து, குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த இழுப்பில் கேள்வி கிண்டலாகிறது என்று படம் படமாக வரைவாள். விடுதி அறையில் ஒரு தடவை ஹெட்போனைக் கழற்றி உலகம்மாளின் காதில் மாட்டிவிட்டாள்: காற்று, அலை, நாய், அதற்கு நடுவே ஒரு பெண் குரல், "இதுக்கு மேலயும் ஒருத்தனுக்கு வேண்டாமா, இந்தச் சீலா மீன ஒருத்தனுக்கும் வேண்டாமா" என்று ஒவ்வொரு வேண்டாமாவையும் வேறு வேறு உயரத்தில் தூக்கித் தூக்கிப் போட்டது, வாங்க வந்தவன் வெட்கப்பட்டு விலையை ஏற்றினான். கேக்கியாட்டீ, எழுத்துல போட்டா ரெண்டும் ஒண்ணுதான், காதுல கேட்டாத்தான் வேற, இதான் என் தீஸிஸ், என்று ஜெனோவா சிரித்தாள். அந்தக் குரல்கள் எல்லாம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன, லேப்டாப்பில் இடமில்லை. டிஸ்க்கில் பாதி காலியாகக் கிடந்தது. அதில் தனியாக ஒரு பாகம் பிரித்து நகல் வைக்கலாம் என்று கொண்டுவந்தாள். பத்திரப்படுத்தத்தான் வந்தாள், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஆய்வகக் கணினிகளில் வகிடு தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று தலைவரின் உத்தரவு கதவில் ஒட்டியிருக்கிறது. வெட்டு என்று கொடுத்தாள். திரை கேட்டது: பழைய பாகங்களை அழிக்க வேண்டாமா? ஆம் என்றால் ஆ, இல்லை என்றால் இ. ஆமாம் ராசா, அழிக்க வேண்டாம், என்று நினைத்து ஜெனோவா ஆ அழுத்தினாள். நிரல் "நன்றி" என்றது. பிறகு துடைத்தது. துடைத்து முடித்து "பணி இனிதே நிறைந்தது" என்றது. மீட்டெடுக்கவும் வழியில்லை, மற்ற நிரல்கள் எல்லைக் கோட்டை மட்டும் அழிக்கும், எங்கள் வகிடு நிலத்தையே உழுதுவிடும் என்று சார் விழாவில் சொல்லி அதற்குக் கைதட்டலும் வாங்கியிருந்தார். அன்றைக்கு ஜெனோவா அழவில்லை. அந்த நன்றியை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மரியாதை தெரிஞ்ச மிஷினு, என்றாள்.

அந்தக் கேள்வி எப்படி அங்கே வந்தது என்பது தனிக் கூத்து. மூல நிரலில் இருந்ததை நேரே தமிழில் சொன்னால் மூன்றே வார்த்தை, எல்லாம் அழியும், தொடரவா. இதைவிட நல்ல தமிழ் எவனுக்கு வேண்டும். ஆனால் குழுவிலிருந்த தமிழ்ப் பேராசிரியர் முகத்தைச் சுளித்தாராம். எடுத்த எடுப்பில் அழியும் என்பது அமங்கலமாக இருக்கிறது, அழிக்கவா என்று கேட்பது கசாப்புக் கடையில் கேட்பதுபோல் இருக்கிறது, ஒரு பணிவு வேண்டாமா. அந்தப் பணிவு வேண்டாமா என்ற அவரது சொந்தக் கேள்வியிலிருந்தே தீர்வும் உதித்திருக்கிறது: அழிக்க வேண்டாமா? ஆகா என்றிருக்கிறார்கள். முந்திரிப் பக்கோடா வந்திருக்கிறது. ஒருத்தர்கூட அந்தக் கேள்விக்கு வாயைத் திறந்து பதில் சொல்லிப் பார்க்கவில்லை. சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டால் பார்த்தோமே என்கிறார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் அழிக்க வந்தவர்கள், காலி டிஸ்க்கை வைத்துக்கொண்டு சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று ஆ அழுத்தியவர்கள். காப்பாற்ற வந்தவள் ஒருத்திகூட அந்தக் கேள்விக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை, ஜெனோவா வரும்வரை.

காலையில் உலகம்மாள் சாரிடம் இதைச் சொல்லத்தான் செய்தாள், ஓரளவு. சார், வேண்டாமான்னு கேட்டா ஆமான்னு சொன்னா வேண்டாம்னுதானே, என்று தொடங்கினாள். அவர் பொறுமையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துத் தனியாக ஒரு பாகத்தில் போட்டு உழுதுவிடலாம். ஏம்மா, வீட்டில் உன் அப்பா நேரமாச்சே கிளம்ப வேண்டாமா என்று கேட்டால் நீ ஆமாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாயா, ஆமாப்பா என்று எழுந்து கிளம்புவாயா, என்று கேட்டார். அதுதான் இத்தனை நேரமாக முள்ளாக உறுத்துகிறது. அவர் சொன்னது தப்பில்லை. கிளம்ப வேண்டாமா, ஆமாம், கிளம்பணும். படிக்க வேண்டாமா, ஆமாம், படிக்கணும். ஒரு முட்டாள் சரியான உதாரணத்தோடு வந்து நிற்பதைப்போல எரிச்சலான விஷயம் உலகத்தில் இல்லை. பட்டிமன்றத்தில் எத்தனை பேரை மூக்குடைத்திருக்கிறாள், இவரிடம் போய் வாய் மூடிக்கொண்டு நின்றாளே. படியில் இறங்கும்போது ஒன்றும் தோன்றவில்லை, சாப்பாட்டு வரிசையில் தோன்றவில்லை, இப்போது டீ போன பிறகு தோன்றுகிறது. கிளம்ப வேண்டாமா என்று அப்பா கேட்கும்போது அந்த "மா" இழுபடுகிறது, மேலே போகிறது, கையில் கடைச்சாவி குலுங்குகிறது. டீ வேண்டாமா என்று அக்கா கேட்கும்போது "மா" சட்டென்று விழுகிறது, வாளி பாதி திரும்பிவிட்டது. உதட்டுக்குள்ளேயே இரண்டையும் சொல்லிப் பார்த்தாள். வேண்டாமா. வேண்டாமா. அடுத்த வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள், பார்க்கட்டும். திரைக்குத் தொண்டை கிடையாது. திரையில் அந்த "மா" ஏறாது, இறங்காது, செத்த மீனின் வாய்போலத் திறந்தபடி கிடக்கும். வாசிக்கிறவள் தன் பயத்தின் குரலில்தான் அதை வாசிப்பாள். அழிந்துவிடுமோ என்று பயந்துகொண்டு வந்தவளுக்கு அது அழிக்க வேண்டாமில்லையா, சரி, என்றுதான் கேட்கும். ஆமாம் என்கிற, இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தியை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பார்களாம். தமிழில் இதற்கு வழியில்லையா. இருக்கிறது, தமிழ் அப்படியொன்றும் பாவப்பட்ட மொழி இல்லை, வேணுமா என்றால் வேணும், இருக்கா என்றால் இருக்கு, அழிக்கவா என்றால் அழி, அழிக்காதே. கேட்ட வினையையே திருப்பிச் சொல்கிற பழக்கம் நம் வாயில் இருக்கிறது, ஆவும் இயும் நம் பழக்கமே இல்லை. அமங்கலமாம். மங்கலமாக உழுதுவிட்டார்கள்.

சரி, வாதம் கிடைத்துவிட்டது. எழுத வேண்டியதுதானே. அவள் எழுதவில்லை. இப்போது கர்சர் வேறு மாதிரித் துடிப்பதாகப் பட்டது. வாதம் கிடைக்காததால் எழுதவில்லை என்று இவ்வளவு நேரம் தன்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததே பொய்யோ. சென்னையில் ஆய்வு இடம்; நேர்முகம் முடிந்துவிட்டது, எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள், துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம் மட்டும் இந்த வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கடிதத்தை அவளே எழுதி, அவளே அடித்து, அவர் மேஜையில் வைத்தாயிற்று. அவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவே. பத்து நாளாக அந்தக் காகிதத்தின் மேல் அவர் டீ தம்ளரை வைக்கிறார். அது கிடைக்காவிட்டால் தென்காசி, ஜெராக்ஸ் கடை, பகல் முழுக்கப் பச்சை வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிற மூடி, என்னம்மா பெரிய படிப்பெல்லாம் படிச்சியாமே, ரெண்டு காப்பி பேக் டு பேக். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், அதுதான் பயம். ஜெனோவாவுக்காக அத்தனையையும் தூக்கிக் கொடுக்க வேண்டுமா. ஜெனோவா கேட்கவில்லை. நேற்று ராச்சாப்பாட்டில் தட்டைக் கிண்டிக்கொண்டே, நீ பார்த்து எழுதுட்டி, எனக்காவ மல்லுக்கு நிக்காத, என்றுதான் சொன்னாள். அதை எந்தக் குரலில் சொன்னாள். மல்லுக்கு நிக்காத என்று நிஜமாகவே சொன்னாளா, நிக்காமலா இருந்துருவ என்று ஆழம் பார்த்தாளா. எழுதிவைத்தால் இரண்டும் ஒன்றுதான். கோபம் யார்மேல் என்று தெரியாமல் ஒரு நிமிடம் எல்லார் மேலும் திரும்பியது: தலைவர் மேல், பக்கோடாக் குழுவின் மேல், ஒரே டிஸ்க்கில் மொத்தத்தையும் போட்டுவைத்த ஜெனோவா மேல், கடைசியில் வியர்த்த கையோடு உட்கார்ந்திருக்கிற தன் மேல். மேடையில் மைக் பிடித்தால் சிங்கம். மைக் இல்லாத அறையில், ஒரு வழுக்கைத் தலைக்கு முன்னால், சரிங்க சார். இந்த ஊரில் இருக்கிற எல்லாரையும் அவள் கேவலமாக நினைக்கிறாளே, அந்த வரிசையில் தனக்கும் ஒரு நாற்காலி போட்டுவைத்திருக்கிறார்களே. தெளிவாக. ஏழெட்டுத் தட்டு. தட்டினால் நாளைக்கே கடிதம் கிடைக்கும், சென்னைக்கு ரயிலில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து எதை நினைத்துக்கொண்டு போவாள். வாசிக்கிறவள் எவளாவது ஒருத்தி இந்தக் கையேட்டை நம்பி, தெளிவாகத்தான் கேட்கும் என்று அடுத்த ஆ அழுத்துவாள். அதுவும் அவள் எழுதிய வாக்கியம். நிரல்கூட அவர் எழுதியதில்லை, கையேடு அவள் எழுதியது.

அவள் அந்த வாக்கியத்தை முழுவதும் அழித்தாள். வேகமாக, பல்லைக் கடித்துக்கொண்டு, எந்தக் குழுவையும் கேட்காத தமிழில் எழுதினாள். "வெட்டு: காலி இடத்தில் புதுப் பாகம் பிரிக்கும். பழைய பாகங்கள் இருந்தால் 'அழிக்க வேண்டாமா?' என்று கேட்கும். கவனம். 'ஆமாம், அழிக்க வேண்டாம்' என்று நினைத்து ஆ அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும், திரும்பக் கிடைக்காது. கேள்வி இரண்டு பொருள் தருகிறது. பிழை நிரலுடையது, அழுத்துபவருடையது அல்ல. இந்தக் கேள்வி திருத்தப்படும்வரை இத்தெரிவைப் பயன்படுத்த வேண்டாம்." கடைசிச் சொல் வேண்டாம் என்று முடிந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வேண்டாமில் "மா" இல்லை, நல்ல கெட்டி வேண்டாம். அனுப்புகிற பொத்தானின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு அழுத்தவில்லை. அழுத்திவிட்டால் கருத்தரங்கக் கூடத்தின் கணினிக்குப் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. இதுவும் உழுகிற பொத்தான்தான். காதுக்குள் ரத்தம் இரைந்தது, வெளியே காற்றாலை இறக்கைகள் காற்றை அறைகிற ஓசை, அல்லது அதுவும் காதுக்குள்தானோ.

கதவு திறந்து சார் வந்தார். சட்டைப் பையில் புதுப் பேனா, மூக்குக்கண்ணாடி உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. அவர் திரைகளைத் திறந்துவைப்பவர், வாசிப்பவரில்லை.

"என்னம்மா உலகம்மா, எல்லாரும் வந்தாச்சு. அனுப்பிட்டியா?"

"சார், அந்தக் கேள்வி தெளிவா இல்ல சார். திரையில வாசிக்கிறப்ப ரெண்டு அர்த்தம் வருது." இந்தத் தடவை முழு வாக்கியமாக வந்தது. கண்ணாடியைக் கீழே இறக்கி ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க சார் என்றும் சொன்னாள்.

அவர் இறக்கவில்லை. அவளுடைய நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அந்தப் பொறுமையான சிரிப்போடு குனிந்தார். "நீயும் தமிழ், நானும் தமிழ். வேண்டாமான்னா என்னன்னு நமக்குத் தெரியாதா?" என்றார். பிறகு பையிலிருந்த பேனாவை இரண்டு விரலால் கொஞ்சம் மேலே இழுத்து, மூடி தெரிகிற அளவு, மறுபடி உள்ளே விட்டார். "உன் லெட்டர் என் டேபிள்லயே கெடக்கு. கையெழுத்து வேண்டாமா?"

அந்த "மா" ஏறவில்லை, விழவுமில்லை. நடுவில் நின்றது. உலகம்மாளுக்குக் காது இரைச்சல் சட்டென்று அடங்கிவிட்டது. பச்சை வெளிச்சம் ஒரு தடவை ஓடியது, ரயில் ஜன்னல் ஒரு தடவை ஓடியது. கடலோரத்தில் ஒரு பெண் ஒருத்தனுக்கும் வேண்டாமா என்று மீனைத் தூக்கிப் பிடித்தாள். எவ்வளவு நேரான கேள்வி, எவ்வளவு பணிவு.

"ஆமா சார்," என்றாள்.

"அதானே," என்று அவர் நிமிர்ந்தார். தோளில் லேசாகத் தட்டினார். நல்ல பிள்ளை என்கிற தட்டு. கை பழக்கத்தில் இல்லாத முடியை ஒரு தடவை வாரியது. என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அதற்கான வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அவர் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்தாள். திரும்பிக் கேட்கட்டும் என்றுதான் காத்திருந்தாள், அப்படித்தான் இருக்க வேண்டும். செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் திருப்தியோடு போயிற்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பெரிய திரைக்கு முன்னால் நிற்பார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்க வாசிப்பார், முதல் தடவையாக வாசிப்பார். அவரால் நடுவில் நிறுத்த முடியாது, மைக் கையில் இருக்கும்.

அழுத்தினாள். பக்கம் போயிற்று. திரை நன்றி எதுவும் சொல்லவில்லை.

தென்காசி பஸ் எந்த வாசலில் நிற்கும் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். முத்துப்பேச்சி காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு இந்த வரிசைக்கு வந்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். வாளியைச் சாய்த்து உள்ளே பார்த்தாள்.

"அடியில கொஞ்சம் கெடக்கு தாயி. வேணுமா?"

"வேணும்," என்றாள் உலகம்மாள்.